கூட்ரோட்டில் பனிமலை

என் தம்பி சுரேந்தர் பனிச்சறுக்கு வாத்தியார் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கரண்டு இல்லை. அப்பா பனியனைக் கழற்றி அதனாலேயே விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் குந்தாரப்பள்ளிப் பக்கம் பனி என்றால் மார்கழிக் காலையில் அவரைச் செடிமேல் நிற்பதுதான். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் அதோடு சரி. அதன்மேல் சறுக்கிப் போக ஒரு வாத்தியார் தேவை, அவருக்குச் சம்பளமும் உண்டு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி.

"எந்த ஊர்டா அது?" என்றார் அப்பா.

"ஜார்ஜியா, நைனா. மலை ஊரு. டிசம்பர்ல சீசன். நம்ம இந்தியாக்காரங்க கூட்டம் கூட்டமா வர்றாங்களாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் பேசற ஆளு வேணும்னு ஒரு சறுக்குப் பள்ளியில கேட்டாங்க. என்ன எடுத்துக்கிட்டாங்க."

விழாதே என்பதை நாலு பாஷையில் சொல்ல ஒருத்தன். அதற்காக விமானம் ஏறிப் போகப்போகிறான்.

எல்லாம் பெங்களூரில் ஒரு மாலில் ஆரம்பித்தது. செயற்கைப் பனி கொட்டிவைத்த அறைக்கு நண்பர்களோடு போனான். வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு நாலடி தூரம் வழுக்கினான். அன்றைக்கே பித்தம் தலைக்கேறிவிட்டது. அப்புறம் காஷ்மீருக்குப் போய் ஒரு பயிற்சி முடித்து வந்தான். வந்தவன் இங்கேயும் சும்மா இருக்கவில்லை. பர்கூரில் கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறைகள் உண்டு. அங்கே மிஞ்சும் சேறு காய்ந்து வெள்ளை மேடாகக் குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு அந்த மேட்டிலிருந்து சறுக்குவான். வீடியோ எடுக்க என்னைத்தான் கூட்டிப்போவான். மேட்டு உச்சியில் ஐயா நிமிர்ந்து நிற்பார், பாதி வழியில் குப்புற விழுவார், மூக்கு, காது, வாய் எல்லாம் கல்மாவோடு எழுந்து வருவார். நான் சிரித்த சிரிப்பில் பாதி வீடியோ வீணாய்ப் போனது.

ஆனால் அன்றைக்கு வீட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. இவன் போய்விட்டால் இவன் வேலை என்ன ஆகும்?

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்று எங்கள் பக்கம் வந்தபோது எங்கள் மூன்று ஏக்கரும் அதற்குள் போய்விட்டது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று பேச்சு. அப்போது நான் கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துக் கையில் சான்றிதழோடு உட்கார்ந்திருந்தேன். சுரேந்தர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் பெயரைக் கொடுத்தார். அவனுக்குப் பதினெட்டு வயசு ஆகும்வரை கம்பெனி காத்திருக்க ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனி அவன் மீசை முளைப்பதற்காகக் காத்திருந்தது.

நான் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். நிரந்தர ஆட்களுக்கு நீலத் தொப்பி. எங்களுக்கு மஞ்சள். கம்பெனி பஸ்ஸில் நீலத்துக்கு சீட், மஞ்சளுக்கு மேலே தொங்கும் கம்பி. வருஷக் கடைசியில் எங்களைச் சில நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புது ஆள் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். எனக்குப் பின்னால் வந்த நீலத் தொப்பிகளுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தது நான்தான். என் தம்பிக்கும் சேர்த்து.

அதனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன்.

"அவன்தான் போறானே நைனா. அந்த வேலைய என் பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லு."

அப்பா என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவள் மாதிரி பார்த்தார். "அவன் திரும்பி வந்தா?"

"வந்தா வரட்டும். அவனுக்குத்தான் மலை இருக்குதே."

"அது வேல இல்லம்மா, அவனோட நெலம். பொட்டப் புள்ள பேருக்கு எழுதி வெச்சா நாளைக்கி எவன் வீட்டுக்கோ போயிடும்."

அவனோட நிலமாம். இப்போது கேண்டீன் இருக்கிற இடத்தில் கடலைக்குக் களை எடுத்தது நான். அவன் வரப்பில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்தான். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தட்டில் களி உருண்டையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அப்பா ஒரு திட்டம் போட்டார். வேலையை விடக்கூடாது, லீவு மட்டும் போட வேண்டும். காரணம் மஞ்சள் காமாலை. கீழாநெல்லி குடித்துப் பத்தியத்தில் இருக்கிறான், எழுந்து நடமாட முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிடலாம். மலையில் சரிப்பட்டு வந்தால் அங்கே. வராவிட்டால் காமாலை குணமாகி வந்துவிடுவான். எங்கள் வம்சத்தில் இவ்வளவு மூளை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தன் வெளிநாடு போவதும் அது யாருக்கும் தெரியாமல் இருப்பதும் நடக்கிற காரியமா? இங்கே காது குத்தினால் ஃப்ளெக்ஸ், வயசுக்கு வந்தால் ஃப்ளெக்ஸ், டிராக்டர் வாங்கினால் டிராக்டருக்கே ஃப்ளெக்ஸ். அம்மாவின் தம்பி கோவிந்தப்பன் மாமா, சுரேந்தர் விமானம் ஏறிய மறுநாளே முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டினார். அடுத்தது பேனர். அதில் தம்பி பனிமலை உச்சியில் நிற்கிறான். தலைக்குமேல் ஒரு கழுகு. ஜார்ஜியா எங்கே இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாததால் ஓரத்தில் அமெரிக்கக் கொடி. "பனிமலை வேந்தனே, ஜார்ஜியாவை வெல்லும் எங்கள் குலச்சிங்கமே" என்று எழுத்து. தம்பி படத்தைவிட மாமா படம் பெரிது. காதில் போன் வைத்துப் பேசுகிற மாதிரி போஸ் வேறு.

லீவு விஷயம் மாமாவுக்குத் தெரியாது. சொன்னால் பெருமை குறைந்துவிடும் என்று அப்பா அவரிடம் மறைத்துவிட்டார். பேனரை மாரியம்மன் கோயில் பக்கத்தில் கட்டலாம் என்று மாமா என்னிடம் யோசனை கேட்டார்.

"கோயிலாண்ட யாரு பாக்கறாங்க மாமா? நம்ம சனமேதான் பாக்கும். கூட்ரோட்டு பஸ் ஸ்டாப்புல வெச்சா நாலு ஊரு பாக்குமில்ல?"

"மூளடி உனுக்கு!" என்று மாமா என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

சாலைகள் சேரும் அந்தக் கூட்ரோட்டில்தான் கம்பெனி பஸ் நிற்கும். பணியாளர் அதிகாரி சிவராஜ் சார் கிருஷ்ணகிரியிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வருவார், ஜன்னல் ஓரமாய். அது எனக்குத் தெரியாதா? தினமும் அவர் தலைக்குமேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் நான்.

மறுநாள் காலை பஸ் நின்றது. சிவராஜ் சார் தூக்கக் கலக்கத்தில் வெளியே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். நான் எதிர்ப்பக்கம் திரும்பி ரோட்டில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, மனசு குளுகுளுவென்று இருந்தது.

அந்த வாரமே அப்பாவைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். அக்காவும் வரட்டும் என்று லைனிலிருந்து என்னையும் அழைத்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் மஞ்சள் தொப்பியோடு பக்கத்தில் நின்றேன்.

"பையனுக்கு காமாலை எப்படி இருக்கு?" என்றார் சிவராஜ் சார்.

"எறங்கிக்கினு வருதுங்க சார். கண்ணுல மட்டும் கொஞ்சம் மஞ்சளா இருக்குது."

சார் போனைத் திருப்பிக் காட்டினார். மலை, கழுகு, கொடி, மாமா எல்லாம் அதில் இருந்தார்கள்.

அப்பா உடனே சமாளித்தார். "அது கிராபிக்ஸ் சார்! எங்க ஊர்ல மாடு மேய்க்கறவன கூட இமயமலைல நிக்கற மாதிரி போடுவாங்க."

"சரி. காமாலையோட இருக்கட்டும். நாளைக்கு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வாங்க, ஒரு தடவ பாத்துடறேன்."

அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்க்க ஆரம்பித்தார். பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பாவத்துக்காக விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

"பையன் பேரை எடுத்தாச்சு" என்றார் சார். "போஸ்ட் உங்க வீட்டுக்குக் குடுத்தது. ரேஷன் கார்டுல இருக்கற வேற யாராவது படிச்சவங்க இருந்தா சொல்லுங்க."

"என் மச்சான் பையன் கௌதம் இருக்கறான் சார். தங்கமான பையன்."

"உங்க கார்டுல இருக்கானா?"

"இல்லீங்க."

"உங்க கார்டுல யாரு இருக்காங்க?"

அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி நான் நிற்கிறேன். பக்கத்தில் சுவரில் தொங்கும் தீயணைப்புக் குடுவையைக்கூட ஒரு தரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

சிவராஜ் சார்தான் என்னைப் பார்த்தார். "டிப்ளமோதானே நீங்க?"

"பொட்டப் புள்ள சார்" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "இன்னிக்கோ நாளைக்கோ வேற வீட்டுக்குப் போறவ."

"போற வரைக்கும் செய்யறேன் சார்" என்றேன். "போனதுக்கு அப்புறமும் செய்யறேன். நெலத்த பெருக்கி சுத்தம் பண்ணி உங்களுக்குக் குடுத்தவதான் நானு. கடலக் கொடிய அரிஞ்சி மூட்ட கட்டறப்ப எவனும் பொட்டப் புள்ளன்னு சொல்லல." அழுதுவிடுவேனோ என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. அழவில்லை.

பொங்கலுக்கு முன்பு எனக்கு நீலத் தொப்பி வந்தது. பஸ்ஸில் சீட்டும், லைனில் மஞ்சள் தொப்பிகளுக்கு ஆஜர் போடும் நோட்டும் வந்தன. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் மாட்டிடம் சொன்னார். அம்மா மட்டும் ஒருநாள் தலை பின்னிவிடும் சாக்கில், "தம்பி வந்தா குடுத்துடுவ இல்ல?" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய இட்லிப் பானையைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் பின்னலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அங்கே மலையில் தம்பி தினம் ஒரு படம் போட்டான். பனி, பனி, பின்னால் இன்னும் கொஞ்சம் பனி. ஊரே இதயம் போட்டது. மாமா அவற்றைக் காட்டிக் காட்டியே தன் மகன் கௌதமுக்குப் பெண் பார்த்தார்.

சித்திரையில் பனி உருகியது. பனிமலை வேந்தன் பெரிய பையோடு கூட்ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினான். பேனர் கிழிந்து கழுகின் ஒரு இறக்கை மட்டும் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து, பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா கோழி அடித்தாள். சாப்பிட்டு ஏப்பம் விட்டபிறகு, மாசக்கணக்கில் என்னோடு பேசாத அப்பா வாயைத் திறந்தார்.

"ஜெயா, நாளைக்கி சார்கிட்ட சொல்லிடு. தம்பி வந்துட்டான்."

அவ்வளவுதான். கேட்கக்கூட இல்லை. நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். என் பழைய மஞ்சள் தொப்பியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். எடுத்துவந்து சுரேந்தர் மடியில் வைத்தேன்.

"கான்ட்ராக்ட்ல ஆளு எடுக்கறாங்க. திங்கக்கெழம காலையில கம்பெனி கேட்டாண்ட வந்து நில்லு. என் லைன்லதான் போடுவாங்க."

"திமிர பாத்தியா!" என்று அப்பா துள்ளி எழுந்தார். "வெளிநாட்டுல வாத்தியாரா இருந்தவன்டி அவன்! அவனுக்கு மஞ்சத் தொப்பியா?"

நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக நின்றேன். சுரேந்தர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நைனா, சும்மா இரு" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அங்கயும் எனக்கு மஞ்சள்தான்க்கா. பர்மனென்ட் ஆளுங்களுக்கு செவப்புக் கோட்டு. சீசன் ஆளுங்களுக்கு மஞ்சப் பனியன் ஒண்ணு, கோட்டு மேல மாட்டிக்கணும். அடிவாரத்துல கொழந்தைங்களையும் தொப்பைக்காரங்களையும் புடிச்சி நிக்க வெக்கறதுதான் என் வேல. உச்சிக்குப் போற லிஃப்டுல செவப்புக் கோட்ட மட்டும்தான் ஏத்துவான்."

"அப்ப நீ போட்ட படமெல்லாம்?" என்றாள் அம்மா.

"கீழ இருந்து எடுத்ததும்மா. எல்லாமே கீழ இருந்து எடுத்தது."

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். இத்தனை நாள் சேர்த்துவைத்த கிண்டல் எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. கல்மாவு முகத்தோடு பர்கூர் மேட்டில் எழுந்து வருவானே, அந்த முகம்தான் இப்போதும். அன்றைக்கு மாதிரி சிரிக்க முடியவில்லை.

தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தான். சின்னதாக இருந்தது. பின்னால் போய் நின்று பட்டையைத் தளர்த்திவிட்டேன்.

"லேட்டா வந்தா ஆப்சென்ட் போட்ருவேன்" என்றேன்.