தெய்வாத்தாள் பின்னால் வந்த கரி

செங்காட்டுவலசுக்கு மருமகளாக வந்த தெய்வாத்தாளின் உடம்பில் இரும்பு ஒட்டும். பீரோச் சாவி, ஊக்கு, கொடுவாள் எல்லாம் அவள் நடந்தால் பின்னாலேயே வரும். மாமியார் வீட்டில் முதலில் மந்திரித்துப் பார்த்தார்கள். பிறகு பித்தளைப் பாத்திரத்துக்கு மாறிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஆற்றில் வந்தது. மேலே சாயப்பட்டறைகளில் பனியன் துணி எந்த நிறத்தில் நனைந்ததோ அந்த நிறத்தில் நொய்யல் ஓடியது, ஊறிக் கிணற்றுக்கும் வந்தது. இளநீர் சீவினால் ரோஸ். தெய்வாத்தாளின் எருமை ஊதாப் பால் கறந்தது.

பால் சொசைட்டிச் செயலாளர் சென்னியப்பன் அதை ஊற்ற விடவில்லை. "கொழுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. கலருக்குத்தான் எங்ககிட்ட மிசினு இல்லீங்க."

பொங்கல் கழிந்ததும் எருமையை விற்றுவிட்டுச் சாயப்பட்டறைக்கே வேலைக்குப் போவது என்று அவள் புருஷன் கருப்பணன் முடிவு செய்தான். எருமை ஏறும் வண்டியிலேயே தானும் ஏறிவிடுவதாகத் தெய்வாத்தாள் சொல்லிவிட்டாள். எருமை அவள் அப்பன் வீட்டுச் சீர்.

கொட்டாங்குச்சிக் கரி கலரை இழுக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள், கலர் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். கருப்பணன் காங்கயத்திலிருந்து கரித்தூளை வண்டியில் கொண்டுவந்து கிணற்றில் கொட்டினான். ஊதா போய்விட்டது, கரி போகவில்லை. எருமை கறுப்பாகக் கறந்தது. சென்னியப்பன் பால் தூக்குப்போசியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மோட்டார் போட்டு எல்லாவற்றையும் இறைத்துத் தள்ளினால் ஊற்று மறுபடியும் ஊதாவாகவே ஊறியது.

இரும்பைத் தின்ற எதுவும் தன்னை விடுவதில்லை என்பது தெய்வாத்தாளுக்கு வாழ்ந்து தெரிந்த விஷயம். மீதிக் கரியைத் துருத் தண்ணீரில் ஊறப்போட்டாள், காயவைத்து மூடின பானையில் மறுபடி சுட்டாள். கிணற்றில் கொட்டி, மதியம்வரை கலக்கிவிட்டு, ஊரே மேட்டில் நிற்கப் படியிறங்கினாள். மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கரி அவளை நோக்கி வந்தது. அவள் ஏறி வரும்போது பின்னால் தண்ணீர் தெளிந்து, மாமியார் தன் கல்யாணத்தன்று தவறவிட்ட செம்பு அடியில் தெரிந்தது.

"ஏபுள்ள, கண்ணு மட்டுந்தான் தெரியுது," என்றான் கருப்பணன்.

"அது போதுமுங் மாமா. எருமையப் புடிச்சுட்டு வாங்க, தண்ணி காட்டோணும்."

மறுநாள் பால் வெள்ளையாக இருந்தது. அவள் மேலிருந்து சுரண்டிய கரியை மறுபடி சுட்டபோது புகை ஊதாவாகப் போனது, கரி புதுக்கரியாக நின்றது, ஊற்று மறுபடி ஊதாவானால் கொட்ட அதுவே போதும். அதன்பிறகு வருஷாவருஷம் ஆடியில் ஆற்றிலும் அந்தக் கரியைக் கொட்டிவிட்டு அவள் அணையிலிருந்து பட்டறை மதகுவரை ஆற்றோடு நடக்கிறாள், தேர்வடம் போலக் கரி பின்னால் வருகிறது. பட்டறைக்காரர்களே மேளம் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கார் அனுப்புவதில்லை, கதவு அவளை இறங்க விடாது.

மற்ற நாட்களில் அவள் காலையில் பால் ஊற்றப் போகிறாள். தூரத்தில் பார்த்ததுமே சென்னியப்பன் தராசை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறார். கொழுப்பை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்.