பஞ்சு சிக்கிய இடம்

"கையை எடுடா" என்றாள் மூத்தவள்.

அப்பாவின் நெற்றிக்கட்டு நழுவியிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் இளையவன் குனிந்திருந்தான். கூடத்தில் இருந்த இருபது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அழுதுகொண்டிருந்த அத்தைகூட மூக்கை உறிஞ்சிவிட்டு, என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டு நழுவுதுக்கா."

"நழுவட்டும். நீ தொடாதே. தொட்டவரைக்கும் போதும்."

அவன் சுவரோரம் போய் நின்றுகொண்டான். அவளே கட்டை இறுக்கினாள். ஓரத்தில் பிதுங்கிய ஆஸ்பத்திரிப் பஞ்சை உள்ளே தள்ளும்போது விரல் கூசியது. இடது புருவத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று மதியம் கடைக்குப் பின்னால் இருக்கிற நீளக் கொட்டகையில் அப்பா தனியாக ஒரு வில்லை எடுத்து இழுத்திருக்கிறார். கப்பி வைத்த புது வில், காம்பவுண்டு வில் என்பார்கள். முதல் அம்பு போய்ப் பலகையில் தைத்துவிட்டது. இரண்டாவதை முழுக்க இழுத்தபோது மேல் லிம்ப் பிளந்து முகத்தில் அடித்தது. நாணோடு வளைகிற தகட்டுக்குக் கடையில் லிம்ப் என்று பெயர். விரல் தடிமன்கூட இருக்காது. ஆனால் அது தேக்கிவைக்கிற பலம் ஒரு ஆளையே தூக்கிவிடும்.

நாற்பது வருஷமாக வில் பழுதுபார்த்தவர், வில்லாலேயே போனார். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் இதை ஏதோ தாங்கள்தான் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூத்தவளுக்கு அவர்கள் வாயைத் தைத்துவிட வேண்டும்போல இருந்தது.

சித்தப்பா வேறு தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணன் தலையால அடிச்சுக்கிட்டாரு. அந்த எமனைக் கடைக்குள்ள கொண்டுவராதேன்னு. இவன் காதுல போட்டுக்கிட்டானா? வேகம், வேகம்னு பறந்தான்."

அதில் பொய் இல்லை. மரவில் காலத்து அப்பாவின் கைக்குக் கப்பி பழகவே பத்து வருஷம் ஆனது. பழகியபிறகு அதையும் விரும்பினார். ஆனால் மகன் கார்பன் அம்பை இன்னும் இன்னும் லேசாக்கி, வேகமானியில் எண்ணைப் பார்த்துத் துள்ளியபோதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேகம் சும்மா வராதுடா. அம்பு கனமா இருந்தா வில்லோட பலத்த வாங்கிட்டுப் போகும். லேசா இருந்தா மிச்சத்த யார் வாங்கறது? வில்லே வாங்கிக்கும். ஒருநாள் திருப்பிக் கொடுக்கும்" என்பார். தராசில் போடாத அம்பை அவர் நாணில் வைத்ததே இல்லை. மகனோ, "இந்தக் காலத்து வில்லு தாங்கும்ப்பா, நீங்க இன்னும் மூங்கில்லயே இருக்கீங்க" என்பான். மூன்று மாதமாக இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடவில்லை.

ஆகவே தம்பிதான் கொன்றான். மூத்தவள் நேற்றிலிருந்து இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொண்டே இருக்கும்வரை அந்த வியாழக்கிழமை அவள் கிட்டே வரவில்லை. வாய் ஓய்ந்தால் வந்துவிடுகிறது.

வியாழன் அவளுக்கு விடுமுறை. அப்பாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து வில்களைச் சோதிக்க அவள்தான் கடைக்குப் போவாள். சோதனை எளிது. ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்து லிம்ப்பின் விளிம்பு நெடுக மெல்லத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் பஞ்சின் இழை சிக்கும். சிக்கினால் வில்லைத் தனியே வைத்துவிட வேண்டும். சிக்காவிட்டால் மஞ்சள் அட்டையில் தேதி போட்டு, 'சரி' என்று எழுதி, கையெழுத்திட்டு வில்லில் கட்டித் தொங்கவிட வேண்டும். அட்டை இல்லாத வில்லை அப்பா தொடமாட்டார்.

போன வியாழன் அந்தப் புது வில்லைத் தடவும்போது எதிரே தம்பி நின்றான். முந்நூற்றைம்பது அடியைத் தொட்டுக்காட்டுகிறேன் என்று சவால் விட்டான். நொடிக்கு முந்நூற்றைம்பது அடி. அவள் பஞ்சைத் தடவிக்கொண்டே அவனை ஒரு பிடி பிடித்தாள். மேல் லிம்ப்பில் கப்பிக்குப் பக்கத்தில் இழை சிக்கியது. விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம், பசையாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா? வாய்ச் சண்டையை விட மனமில்லாமல், இழையைப் பிய்த்து ஊதிவிட்டு, கையெழுத்தைப் போட்டாள்.

வாசல் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அப்பாவை எடுத்துப்போக வண்டி வருவதற்குள் வாக்குமூலம் முடியவேண்டும். கதவருகே அவள் போனபோது தம்பியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வில்லைக் கடைசியா சோதிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"எப்படி சோதிச்சீங்க?"

"பஞ்சு வச்சு. சரியாத்தான் இருந்துச்சு."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டுக்குங்க எல்லாரும்! அவன் வாயாலேயே சொல்லிட்டான்."

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்ட ஆரம்பித்ததும் தம்பி எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இன்னைக்காவது சண்டை போடாம இருங்களேன், ரெண்டு பேரும்."

"எதுக்குடா பொய் சொன்ன?" என்றாள் மூத்தவள்.

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே, "நேத்துலேர்ந்து நான்தான் கொன்னேன்னு கத்தற. இப்ப ஒத்துக்கிட்டா அதுவும் குத்தமா?" என்றான்.

"பஞ்சு வச்சுப் பாத்தது நீ இல்ல."

அவன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவள் கையில் திணித்தான். ஓரத்தில் ஈரம் பட்டு உப்பியிருந்தது. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கழட்டிட்டேன். உனக்காகப் பண்ணேன்னு நெனச்சுக்காதே. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. ஆனா நான் எப்படியும் மாட்டப்போறேன், அம்மாவுக்கு ரெண்டு புள்ளையும் ஒரே நாள்ல இல்லாமப் போகக் கூடாது."

"லேசான அம்பு உன்னோடது."

"ஆமா. வில்லோட இழுப்புப் பலத்த ஏத்தி வச்சதும் நான்தான். நான் எப்ப இல்லேன்னேன்? பஞ்சு சிக்கினத நானுந்தான் பாத்தேன். நீ பேசறதுக்குப் பதில் பேசறதுலதான் குறியா இருந்தேன்." குழாயை மூடினான். "ஆனா அப்பா அத எடுத்து இழுப்பாருன்னு நான் கனவுலகூட நெனைக்கல. நீ நெனச்சியா?"

அவள் நினைக்கவில்லை. அந்த வில்லை எத்தனை திட்டித் தீர்த்தார் அப்பா!

"வேகமானில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"முந்நூத்தி நாப்பத்தெட்டு. அதப் பாத்துட்டுதான் ரெண்டாவது அம்ப மாட்டியிருக்காரு."

இன்னும் இரண்டு அடிதான் குறை. யாருமில்லாத நேரமாகப் பார்த்து, அட்டை தொங்குகிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, அப்பா அந்த வில்லை ஆணியிலிருந்து இறக்கியிருப்பார்.

"அந்த அட்டைய அடுப்புல போட்டுடு" என்றான் தம்பி. "என்கிட்ட பேசாதே. இனிமே எப்பவும் பேசாதே."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு பேரும் வாசல் அறைக்குத் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தம்பி பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். தம்பி குனிந்தான்.

"கையை எடுடா" என்றாள் மூத்தவள்.

காகிதத்தின்மேல் அட்டையை வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"அந்த வில்லுல."

"கையெழுத்து யாரோடது?"

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தம்பியின் விரல்களுக்குள்ளிருந்து பேனாவை உருவி, அட்டைக்குப் பக்கத்திலேயே, வெள்ளைத்தாளில், அதே கையெழுத்தைப் போட்டாள். கடைசி எழுத்தின் வால் இதிலும் அவசரமாகவே மேலே ஏறியிருந்தது.