வெளியே பூட்டு, உள்ளே பிள்ளை

முன்கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள், விளக்கை அணைத்தாள், வந்த வழியே பூனை மாதிரி நடந்து வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டாள். அப்பா வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. "தம்பி" என்று வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக அவர் மேலே ஏறிப்போனார். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அப்பா கவளத்தை விழுங்கினார். பாடுபட்டுச் சம்பாதித்த சோற்றைத் திருடித் தின்கிறவர் போல விழுங்கினார்.

அவருக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மடித்து வரும் அட்டையை இயந்திரத்தின் வாயில் கொடுத்து, காலால் மிதித்து, மூலைக்கு மூலை கம்பிப் பின் அடிக்க வேண்டும். அவர் அடித்த பெட்டிகளில் யார் யார் வீட்டுக்கோ குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் போய்க்கொண்டிருந்தன. அவர் வீட்டிலிருந்தோ ஒவ்வொரு சாமானாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மனைவி நோயில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளைக் காப்பாற்ற வாங்கிய கடன் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. சம்பளம் வந்த அன்றே அது பாதியை விழுங்கிவிடும். மீதியில் பள்ளிக்கூடம், மளிகை, மின்சாரம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வாடகைக்கு எதுவும் மிஞ்சாது. பேருந்தை விட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தார். பாலைப் பாதியாக்கினார். மதியச் சாப்பாட்டை, பசிக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நிறுத்தினார். எதைச் செய்தாலும் துண்டு விழுந்தது. பாக்கி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது.

வீட்டுக்கார அம்மாவும் பணத்தில் புரள்கிறவர் அல்ல. கணவர் விட்டுப்போன அந்த ஒரு வீடுதான் அவருக்குச் சொத்து. கீழ்ப்பகுதி வாடகையில்தான் அவருடைய சாப்பாடும் மருந்தும் ஓடின. முதலில் தன்மையாகத்தான் கேட்டார். இவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மென்று விழுங்கிக்கொண்டே இருந்ததில் அவருடைய பொறுமை தீர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி, வாடகை கொடுக்க வக்கில்லாதவனுக்கு வீடு எதற்கு என்று கேட்டுவிட்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை அவர் ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

ஏற்பாடு எளிமையானதுதான். முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக வந்து சமையலறைக் கதவால் உள்ளே நுழைய வேண்டும். சந்தில் சாக்கடையைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும் என்பதால் முட்டிவலிக்காரரான அந்த அம்மா அந்தப் பக்கம் வரமாட்டார். ஆனால் சத்தம் வெளியே போகக்கூடாதே! அங்கேதான் சிக்கல். ஏனென்றால் மகளுக்குப் பெயரே வாயாடி. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவளை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்பல் விழுந்தபோது, விழுந்த ஓட்டை வழியாகவும் சேர்த்துப் பேசினாள். அப்படிப்பட்டவளை எப்படி அடக்குவது?

அதற்குத்தான் அப்பா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். கதவு தட்டினால் இருவரும் சிலையாகிவிட வேண்டும். காலடிச் சத்தம் மேலே போகும்வரை மூச்சுக் காட்டக்கூடாது. ஜெயித்தால் ஒரு பிஸ்கட். பொட்டலம் பரண்மேல் தகரடப்பாவில் இருக்கும், எடுத்துத் தருவது அப்பாவின் வேலை. முதலில் வாயாடிக்குச் சிரிப்பு வந்து தோற்றுக்கொண்டே இருந்தாள். பிறகு தும்மலை அடக்கக் கற்றுக்கொண்டாள். இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு கதவு தட்டாத நேரத்திலும் மெதுவாகவே பேச ஆரம்பித்தாள். இவளுக்கு என்ன ஆயிற்று, வகுப்பில் வாயே திறப்பதில்லையே என்று ஆசிரியை கேட்டு அனுப்பினார். அப்பாவுக்கு மனதில் சுருக்கென்றது. இருந்தாலும், கொஞ்சம் பணம் புரட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பணம் புரட்டவும் ஒரு வழி வந்தது. தொழிற்சாலையில் ஒரு பெரிய ஆர்டர். இரவு விளக்கு வைத்த பிறகும் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் கூலி என்றார்கள். அப்பா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அன்றைக்குப் பார்த்து பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். பாத்திரத்தில் சோறு இருக்கிறது, யார் வந்தாலும் சத்தம் காட்டாதே என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒருநாள் கூலியோடு பாக்கியில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்கார அம்மா முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார்.

பிற்பகலில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாவின் எண். வாடகைக்குத்தான் கூப்பிடுகிறார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசி நாலு பேர் முன்னால் மானத்தை இழக்க வேண்டுமா என்று அழைப்பைத் துண்டித்தார். கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

வேலை முடிந்து சந்து வழியாக வந்து கதவைத் திறந்தபோது வீடு இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டார். பிஸ்கட் டப்பா இருந்த பரணுக்குக் கீழே நாற்காலியும், அதன்மேல் வைத்திருந்த முக்காலியும் கவிழ்ந்து கிடந்தன. வாயாடி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். வலது முழங்கைக்கு மேலே கை கோணலாகத் திரும்பி, முழுக்கையும் வீங்கி, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. வாயில் துண்டு. அதைக் கடித்துக் கடித்து உதடு கிழிந்திருந்தது. அப்பா துண்டை எடுத்ததும் அவள் கண்ணைத் திறந்து, "போயிட்டாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளை எப்படித் தூக்கினார், எந்த ஆட்டோவை மறித்தார் என்பது அவருக்கே நினைவில்லை. மருத்துவமனையில் உடனே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் ஒரு பெண். வெளியே வந்தவர் இவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். உடைந்த எலும்பு இரத்தக்குழாயை அழுத்தியிருக்கிறது, கைக்கு இரத்தம் போகாமல் தசை கெட்டிருக்கிறது, கையைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் விரல்கள் முன்போல மடங்காது என்றார். விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் சின்ன விஷயம், இவ்வளவு நேரம் பிள்ளையை யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அப்பாவால் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் மகள் மயக்கம் தெளிந்து கண் விழித்தாள். கட்டுப்போட்ட கை பக்கத்தில் தலையணைமேல் கிடந்தது. அப்பா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏன் கண்ணு, அவ்வளவு வலியில கத்தியிருந்தா மேல கேட்டிருக்குமே. ஏம்மா கத்தல?"

"கத்தத்தான்ப்பா வந்துச்சு. அதுக்குள்ள மாடி அத்தை வந்து கதவத் தட்டிட்டாங்க." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "ரொம்ப நேரம் தட்டினாங்க. பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டாங்க. நான் கொஞ்சம்கூடச் சத்தம் போடல. ஜெயிச்சிட்டேன்ப்பா."

அப்பா அவளுடைய நல்ல கையைத் தன் முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டார்.

பார்வையாளர் நேரத்தில் வீட்டுக்கார அம்மா வந்தார். தெருவில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, வார்டு வாசலில் மூச்சு வாங்க நின்று, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே வாயாடி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடி மூச்சை அடக்கினாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். தான் மகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பதை அவர் முதல்முறையாகப் பட்டப்பகலில் பார்த்தார். மெல்ல அவள் கையை வாயிலிருந்து எடுத்தார்.

"வேணாம் கண்ணு. இனிமே அந்த விளையாட்டு இல்ல."

"நாம இருக்கோம்னு தெரிஞ்சிடுமேப்பா" என்று அவள் கிசுகிசுத்தாள்.

வீட்டுக்கார அம்மா அதைக் கேட்டபடியே கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அப்பா எழுந்து நின்றார். அந்த அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நேத்து உங்க வீட்டுல தடால்னு ஒரு சத்தம் கேட்டுச்சு தம்பி. பிள்ளை விழுந்துட்டாளோன்னு பதறி எறங்கி வந்தேன். தட்டினேன், கூப்பிட்டேன். பூட்டு தொங்குது, உள்ள ஒரு சத்தமும் இல்ல. பூட்டிட்டு நீங்க உள்ளதான் இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை நாளாத் தெரியும். சரின்னு உனக்கு போன் போட்டேன். நீ கட் பண்ணினே. அப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? உள்ள பிள்ளையோட உக்காந்துகிட்டுதான் என்னை ஏமாத்துறான், அப்பன்தான் இருக்கானே, பாத்துக்குவான்னு மேல ஏறிப் போயிட்டேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத் தெருவில் வைத்து அப்படிக் கேட்டிருக்கக்கூடாது, பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தும் வாயை அடக்கவில்லை, அந்தப் பூட்டைத் தானே வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதார். பாக்கியை முடிந்தபோது கொடு, ஆனால் முகத்தைக் காட்டிவிட்டுப் போ, அது போதும் என்றார்.

அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். சுற்றி இருக்கிறவர்கள் காதில் விழுமே என்று இப்போது அவர் கவலைப்படவில்லை.

"உங்க மேல தப்பு இல்லம்மா. நீங்க ஒருநாள் பேசினீங்க, நான் தினமும் ஒளிஞ்சேன். பணம் இல்லன்னு உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பீங்க, அவ்வளவுதான். அதுக்கு வெட்கப்பட்டு என் பிள்ளைக்கு ஊமையா இருக்கக் கத்துக்கொடுத்தேன். பணம் இல்லாதது ஒரு குத்தமில்லம்மா. அத மறைக்கப் பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டினேனே, அதுதான் குத்தம். ஆபத்துல வாய்விட்டுக் கத்துறதுக்குக்கூட ஒரு பிள்ளை யோசிக்கிற மாதிரி எந்த வீட்டுலயும் வளக்கக்கூடாது. என் பொண்ணு கைய விலையாக் கொடுத்து நான் இதைக் கத்துக்கிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தகப்பன், தன் மகனிடம் ஏதோ சொல்லக் குனிந்தவர், சொல்லாமல் அவன் தலையை மட்டும் வருடினார்.

வாயாடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளை அதட்டவில்லை. யாரும் விரலை உதட்டில் வைத்துக் காட்டவில்லை. அவள் உதடு துடித்தது.

"அத்தை, கை ரொம்ப வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டு, வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி உரக்க அழுதாள். நேற்று மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. செவிலி ஓடி வந்தார். அப்பா மகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, "அழு கண்ணு, நல்லா அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.