மேல் பொத்தான்

1955 கார்த்திகையில் மாத்தளை மஸூதா தன் புருஷன் மக்கீனுக்கென்று நாற்பது அங்குல நெஞ்சளவில் பின்னிய நீலச் சுவெட்டர், ஊசியிலிருந்து இறக்கியபோது ஆறு மாதக் குழந்தைக்குப் போடும் அளவில் இருந்தது. கண்ணி தவறவில்லை, வரிசை குறையவில்லை. ஊசியில் இருக்கும்வரை மடி கொள்ளாமல் கிடந்தது. கடைசிக் கண்ணியை மூடியதும் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. முன்பக்கம் வைத்த ஐந்து பொத்தான் துளைகளும் ஐந்தாகவே இருந்தன, சிறுத்துப்போய். அவள் பிரித்தாள், மறுபடி பின்னினாள். மறுபடியும் அதே ஆறு மாதம். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணி எண்ணச் சொல்லிவிட்டே மூடினாள். அதுவும் அப்படியே ஆனது. அன்று காய்ந்த மிளகு நல்ல விலைக்குப் போனதாலும் தேங்காய் அரை விலைக்கு இறங்கியதாலும் தெருவில் வேறு பேச்சு இருந்தது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டம் கூடியிருக்கும்.

மக்கீன் நுவரெலியாவிலிருந்து கோவா, கரட், லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிவந்து மாத்தளையிலும் தம்புள்ளையிலும் போடுகிற லொறி வியாபாரி. மாதத்தில் பாதி நாள் மேலே மலையில்தான். "அங்கத்திக் குளிரு எலும்பத் தின்னுது, எனக்கொரு சுவெட்டர் பின்னித் தாங்களே" என்று கேட்டவன் அவன்தான். குழந்தைச் சுவெட்டரை அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டியபோது, "வடிவா இருக்கு" என்றான். சோறு போதும் என்று எழுந்து நேரத்தோடு படுத்துவிட்டான். கலியாணமாகி நாலு வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை என்று மாமி வீட்டில் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பேச்சியம்மா விடுவாளா? "அம்மன் கண்ணத் தொறந்துட்டா புள்ள. இது வரப்போற குழந்தைக்கு அளவு குடுத்திருக்கு, பார்த்துக்கோங்க" என்று அடித்துச் சொன்னாள். மஸூதா அழுதாள். அன்றே பெட்டியில் மிளகும் வேப்பிலையும் போட்டு அந்தச் சுவெட்டரை மடித்து வைத்தாள்.

அடுத்த வருஷம் மக்கீனுக்கென்று பின்னியது ஒன்றரை வயதுக்கு வந்தது. அதற்கடுத்தது இரண்டரை. குழந்தைதான் வரவில்லை. பிறக்காத பிள்ளை இப்படி நேரம் தவறாமல் வளருமா என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். ஆசை வந்தால் புத்தி வாசலிலேயே நின்றுவிடும் போலும். அவள் ஆண் என்றால் இன்ன பெயர், பெண் என்றால் இன்ன பெயர் என்று எண்ணிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் பூசணியும் பயற்றங்காயும் மிளகாயும் போட்டாள். பிள்ளை பெறும் உடம்புக்குப் பச்சைக் காய் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

1958இல் மூன்றரை வயதுச் சுவெட்டரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்த அன்று, மக்கீனின் லொறியை ஓட்டும் மாரிமுத்து ஒரு கட்டு லீக்ஸ் கொடுக்க வந்தான். நல்ல மனுசன், வாய்க்குத்தான் பூட்டில்லை. கொடியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "நம்ம ஸரீனாப் பாப்பாவுக்குங்களா? அளவெடுத்த மாதிரி இருக்குங்க. பாவம், அது குளிர்ல நடுங்கிக்கிட்டுல்ல கெடக்கு" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. லீக்ஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நுவரெலியாவில் நோனா என்றொரு பெண்ணை மக்கீன் நிக்காஹ் செய்து ஐந்து வருஷம். மகள் ஸரீனாவுக்கு வயது மூன்றரை. மரக்கறிக்காரன் முதல் முடிவெட்டுகிறவன் வரை தெரிந்திருந்தது. ஊரெல்லாம் தெரிந்தது வீட்டுக்காரிக்கு வந்துசேரக் கடைசி பஸ்தான்.

அன்று மாலை மக்கீன் வந்தபோது மஸூதா கத்தவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டீங்களே. சாப்பிடுங்க, எந்தப் பக்கம் கிடக்குன்னு நானும் பார்க்கிறேன்" என்றாள். அவன் மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று தொடங்கினான். "இடம் இருக்கலாம். என்கிட்டச் சொல்ல ஒரு வாயும் இருந்திச்சே" என்றாள்.

மறுநாள் அவள் பூசணிப் பாத்தியின் நடுவில் முள்முருக்குக் கம்பு ஒன்றை நட்டு, குறுக்கே இன்னொன்றைக் கட்டி, அந்தச் சுவெட்டரை மாட்டினாள். காகம் விரட்டத்தான் என்றாள். உருவம் செய்வது கூடாது என்று பள்ளிவாசல் லெப்பை ஆள் அனுப்பினார். பிறகு அவரே வந்து பார்த்துவிட்டு, தலை வைக்காதவரை அது உருவம் அல்ல என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். அதனால் அது கடைசிவரை தலையில்லாமலே நின்றது. மிளகுக் கொடி படர விடுகிற முள்முருக்கு எங்கே நட்டாலும் வேர் பிடிக்கும் என்பது மாத்தளையில் எல்லாருக்கும் தெரியும். இதுவும் பிடித்தது. ஆனால் மற்றக் கம்புகள்போல் கண்டபடி வளராமல், வருஷத்துக்கு இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலம் என்று பிள்ளை வளர்கிற கணக்கிலேயே உயர்ந்தது. கார்த்திகைதோறும் மஸூதா புதுச் சுவெட்டர் பின்னி மாட்டுவாள். ஒரு வருஷமும் அந்தக் கம்புக்குக் கை நீளம் கூடவோ குறையவோ இல்லை. மக்கீன் வரும்போதெல்லாம் அதைக் காணாதவன்போல முன்வாசலாலேயே நுழைவான். ஒருநாள் மட்டும் பின்பக்கம் கால் கழுவப் போனவன், தன் மகள் உயரத்தில் தலையில்லாமல் நின்ற நீலச் சுவெட்டரைப் பார்த்து, ஈரக் காலோடு வெகுநேரம் நின்றுவிட்டான்.

1963 மார்கழியில் அவன் வாயைத் திறந்தான். பிள்ளைக்கு மூன்று வாரமாக நெஞ்சுச் சளி. நுவரெலியாவில் அந்த வருஷம் புல்லெல்லாம் பனி உறைந்து கருகிக் கிடந்தது.

"கடையில வாங்கின சுவெட்டர் ஒண்ணும் அவ மேல நிக்குதில்ல, மஸூதா. காலையில போட்டா பின்னேரம் அசருக்குள்ள பிரிஞ்சு, நூலாக் காலடியில கிடக்கு. ஒம்பது சுவெட்டர் வாங்கிட்டேன். போர்வையும் அப்படித்தான். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். நீங்க பின்னினது ஒண்ணு போதும்."

"நான் பின்னினது எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு."

"உங்களுக்கு..." என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க. எனக்குப் பொறக்காது. அதானே? அப்ப அது காகத்துக்கு."

"எடுத்துக்கோங்கன்னு ஒரு வார்த்த ஹலாலாச் சொல்லுங்க, கழட்டிட்டுப் போறேன்."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உள்ளே போய் அரிசி புடைத்தாள். கொடுக்காத பொருளை எடுத்தால் ஹராம் என்று அவன் சுவெட்டரைத் தொடாமல் போனான். ஐந்து வருஷம் ஒரு பெண்ணை ஏமாற்றியவனுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் மார்க்கம் நினைவுக்கு வந்தது. வேலி ஓரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாவும், "குடுத்துருங்க புள்ள" என்று சொல்லவில்லை. தெருவில் இருந்த நாங்களும் சொல்லவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்ததால் எல்லாருக்கும் சும்மா இருப்பது சுலபமாக இருந்தது.

அதன் பிறகு மக்கீன் வரவில்லை. கோபம் என்று தெரு சொன்னது. லொறியும் தம்புள்ளைக்கு வேறு வழியாகப் போனது. 1964 கார்த்திகையில் மஸூதா வழக்கம்போலப் பின்னினாள். கடைசிக் கண்ணியை மூடிப் பார்த்தபோது போன வருஷத்து எட்டரை வயது அளவே இருந்தது. பழையதன்மேல் புதியதை வைத்தாள். கையோடு கை, கழுத்தோடு கழுத்து, ஒரு நூல் வித்தியாசம் இல்லை. பிரித்தாள், பின்னினாள். ஊசியை மாற்றிப் பின்னினாள். மறுபடி பிரித்தாள். நான்காம் தடவையும் அதே அளவு வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் தோட்டத்து முள்முருக்கை அளந்தாள். இலை பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் ஓர் அங்குலமும் உயர்ந்திருக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறினாள். மடியில் சுவெட்டர் இருந்தது. பேச்சியம்மா துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். விசாரித்துப் போய்த் தட்டிய வீட்டில் நோனா கதவைத் திறந்தாள். இன்னார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீல நூலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவெட்டரை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். அங்கே பிள்ளை உயரம் பார்த்துக் கரியால் கீறிய கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டுக்குக் கீழே சுவெட்டரைப் பிடித்து, தோள் வருகிற இடத்தில் தோளை வைத்துப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்கு, தாத்தா" என்றாள். மூத்த சகோதரியை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். "புள்ள மவுத்தாகி மண்ணுக்குப் போய்ப் பத்து மாசமாச்சு. தை மாசம் ஏழாந் தேதி. கடைசி வர, மாத்தளைப் பெரியும்மா எனக்குச் சுவெட்டர் பின்னுறாங்களாமே, எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

மஸூதா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மக்கீன் உள்ளே இருமுகிற சத்தம் கேட்டது, ஆள் வெளியே வரவில்லை. "இத வச்சுக்கங்க புள்ள, அல்லாஹ்வுக்காக வச்சுக்கங்க" என்று மஸூதா கெஞ்சினாள். நோனா அதை ஒழுங்காக மடித்து அவள் மடியிலேயே வைத்தாள்.

"நான் வச்சு என்ன செய்ய? எதுல மாட்டி வச்சிருந்தீங்களோ, அதுலயே கொண்டு போய் மாட்டுங்க."

மஸூதா அப்படியே செய்தாள். மக்கீன் பிறகு இரண்டு வீட்டிலும் தங்கவில்லை. லொறியை விற்றுவிட்டு வில்கமுவப் பக்கம் மிளகாய்ப் பயிர் செய்கிறான் என்றார்கள். போய்ப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. எழுபதுக்குப் பிறகு இறக்குமதி நின்று, கடைகளில் ஊல் நூல் என்ற பேச்சே இல்லாமல் போனது. மஸூதா பழையதைப் பிரித்து அந்த நூலிலேயே கார்த்திகைதோறும் பின்னுகிறாள். எட்டரை வயதுக்கு மேல் அது வளர்வதில்லை. எவ்வளவு வெயிலடித்தாலும் நீலம் வெளிறுவதுமில்லை. முள்முருக்கும் அதே உயரத்தில் நிற்கிறது. காகங்கள் பயப்படுவதை விட்டு வெகுகாலமாகிறது, பூசணிப் பிஞ்சைக் கொத்திவிட்டு அதன் தோளிலேயே வந்து உட்காருகின்றன. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஸரீனா நிற்கிற வீட்டுக்கு அடுத்த வீடு, எதிர் வீடு என்றுதான் வழி சொல்கிறோம்.

வருஷந்தோறும் தை ஏழாந் தேதி நோனா வருவாள். முதல் வருஷம் ஏன் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது, அவளும் சொன்னதில்லை. பத்தரை பஸ்ஸில் இறங்கி, வீட்டுப் பக்கம் பாராமல், வேலியைச் சுற்றித் தோட்டத்துக்குப் போவாள். மஸூதா அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினிக்குள்ளேயே நிற்பாள். ஒரு தடவைகூட நோனா அதைக் குடித்ததில்லை. பூசணிக் கொடியை மிதிக்காமல் நடந்து போய், தலையில்லாத அந்தக் கழுத்தருகே நின்று, மேல் பொத்தானை மாட்டி, காற்றுப் புகாதபடி இழுத்துவிட்டு, பன்னிரண்டரை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். மற்ற நாலு பொத்தான்களையும் மஸூதாவே மாட்டிவிடுகிறாள். மேல் பொத்தானை மட்டும் அவள் தொடுவதில்லை.