இரண்டரைப் பங்கு நீராவி

அன்றைக்கு பெஞ்சமேன் சார் வாய் திறந்து சொன்னாரா, இல்லை அவர் பார்த்த பார்வையிலேயே நான் புரிந்துகொண்டேனா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு நானே பலமுறை சொல்லி, அவர் சொன்னதாகவே ஆக்கிவைத்திருக்கிறேன். தண்ணீர் பம்பின் திருகைத் திருப்பியது என் கை. அதில் சந்தேகமில்லை.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு வாடகைக் கொட்டகையில் அவருடைய சிறிய கம்பெனி. எரிபொருள் செல் செய்து சோதித்தோம். எழுநூற்றைம்பது டிகிரிச் சூட்டில் ஒரு பீங்கான் தகடு. அதில் பூசிய நிக்கலின்மேல் மீத்தேனும் நீராவியும் சேர்ந்து போனால் ஹைட்ரஜன் பிரியும், அதிலிருந்து மின்சாரம் வரும். மீத்தேன் ஒரு பங்கு, நீராவி இரண்டரைப் பங்கு. பம்ப் அனுப்பும் தண்ணீர்தான் சூட்டில் நீராவியாகும். நீராவி மிகவும் குறைந்தால் நிக்கலில் கரி படிந்து செல் செத்துப்போகும்.

பூச்சு சிவசங்கரியுடையது. எங்களோடு வேலை பார்த்த வீராம்பட்டினத்துப் பெண். மூன்று வருஷம் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தாள். அது பூசிய செல் ஆயிரம் மணி நேரம் ஓடிவிட்டால் பிரான்சில் ஓர் ஆய்வுக்கூடம் அவளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும். எண்ணூறு தாண்டியிருந்தது.

ஊர் அம்மன் கோயில் ஆடித் தேருக்கு ஒருநாள் லீவு கேட்டாள்.

"போம்மா, உன் செல்லை அம்மன் பாத்துக்கும்," என்றார் சார்.

"அம்மனுக்கு அன்னிக்கு ஏது சார் நேரம்? கோபி அண்ணன் பாத்துக்குவாரு," என்று என்னைக் காட்டினாள்.

தேரன்று முதலீட்டாளர்கள் வந்தார்கள். நீராவியைக் குறைத்தால் கொஞ்ச நேரத்துக்கு வோல்டேஜ் ஏறும். திரையில் எண் அழகாகத் தெரியும். "அவங்க போனதும் ஏத்திடலாம் கோபி." சார் சொன்னதாக இப்படித்தான் ஞாபகம்.

எண் ஏறியது. கைகுலுக்கினார்கள். கடற்கரைப் பக்கம் ஓட்டலில் சாப்பாடு. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த மாதிரி மேசையில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல்முறை. பம்ப் ஞாபகம் வந்தபோது எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எழுந்துபோக வெட்கமாக இருந்தது.

திரும்பியபோது மணி நாலரை. வோல்டேஜ் விழுந்துகிடந்தது. திருகை ஏற்றினேன், எழவில்லை. தண்ணீர் அளவைக் கருவி பதியாது, மணிக்கொரு முறை நாங்கள்தான் கையால் எழுதவேண்டும். பதிவேட்டில் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. நான்கிலும் மேல்வரிசையில் இருந்த அதே அளவை எழுதினேன்.

மறுநாள் சிவசங்கரி உலையைத் திறந்தாள். தகட்டில் விரிசல். குழாய் வாயெல்லாம் கரி. பதிவேட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"வோல்டேஜ் ஏறி விழுந்திருக்கு. தண்ணி மட்டும் சரியா இருக்கு. அண்ணா, நீங்க பாத்துத்தானே எழுதுனீங்க?"

"பாத்துத்தான்."

"அப்ப பூச்சுதான் கோளாறு," என்றார் சார், என்னைப் பார்க்காமல்.

"மூணு வருஷமா நல்லாத்தான் பூசிக் கிழிச்சிருக்கேன்," என்று சிரித்தாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவள் கையில் பட்டிருந்த கரியைத் துடைத்து முடிக்கும்வரை இருந்தது.

பூச்சு தாங்கவில்லை என்றே அறிக்கை போனது. பிரான்சிலிருந்து மறுத்துக் கடிதம் வந்தது. சிவசங்கரி வில்லியனூரில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். பெஞ்சமேன் சார் கம்பெனியை விற்றுவிட்டு பிரான்சில் மகள் ஏஸ்தெலோடு இருக்கிறார். வாங்கியவர்கள் அதே பூச்சை மறுபடி சோதித்தார்கள். இரண்டாயிரம் மணி நேரம் தாங்கியது. சோதனையை நடத்தியவன் நான்தான். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.