கம்பியில் நின்ற துளை

பக்கவாதம் வந்ததிலிருந்து அசெனுக்கு இடது கால் தரையை விட்டு எழும்பவில்லை. குளியலறைக் கதவு ஒடுக்கம், சக்கர நாற்காலி நுழையாது. கட்டிலை ஒட்டி ஒரு கழிப்பறை வந்துவிட்டால் தானே பிடித்து உட்கார்ந்துகொள்ளலாம், மனைவி ரூமியானா துடைத்துவிட வேண்டாம். குளிர்காலம் முழுக்க அவளிடம் அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

கழிவுக் குழாய் அந்தப் பக்கம் போக, ஏழு மாடியைச் சுமக்கிற கான்கிரீட் சுவரில் ஒரு துளை வேண்டும். தரையை ஒட்டிப் போடலாம், உள்ளே கம்பி குறுக்கே வந்தால் மட்டும் தொடக்கூடாது என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார். வரைபடத்தில் அங்கே கம்பி இல்லை.

துளை போட வந்த யாவோர் இயந்திரத்தைச் சுவரில் முடுக்கி ஓட்டினான். பாதிச் சுவர் போனதும் சத்தம் மாறியது. வழிந்த சேற்றுத் தண்ணீரில் இரும்புத் தூள் மினுங்கியது. நிறுத்தினான்.

துளையை ஒரு சாண் ஏற்றலாம், ஆனால் குழாய்க்கு வாட்டம் வேண்டுமே, கழிப்பறையைத் திட்டின்மேல்தான் வைக்க வேண்டும் என்றான். சொல்லும்போதே அசெனின் காலைப் பார்த்துவிட்டான்.

படத்தில் இல்லாத கம்பிதானே, அறுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் ரூமியானா. யாவோரின் கையும் பொத்தானுக்குப் போனது.

"விடு தம்பி," என்றார் அசென். "அது நாங்க வெச்சது."

அசென் கட்டடங்களுக்குக் கான்கிரீட் சுவர்ப்பலகை வார்க்கிற ஆலையில் கம்பி கட்டியவர். ருஸே நகரத்தில் பூமி அதிர்ந்த வருஷத்துக்குப் பிறகு, இந்தக் கட்டடம் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கத்தான் என்று தெரிந்ததும், மேஸ்திரி சாப்பிடப் போன நேரங்களில் அவரும் கூட வேலை செய்தவர்களும் பலகைக்கு ஒரு கம்பி கூடுதலாகப் போட்டுக் கட்டினார்கள்.

"அப்போ அது உபரிதானே," என்றாள் ரூமியானா. "ஒண்ணே ஒண்ணுங்க. உங்களுக்காக."

"எல்லாரும் பயந்து பயந்து கட்டினோம்டி. மேல அவங்க புள்ளைங்க இருக்கு. நான் மட்டும் அறுத்துக்கவா?"

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

யாவோர் கலவை குழைத்துத் துளையை அடைக்க உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து இறுக்க வேண்டிய வேலை. ரூமியானா திரும்பி வந்து, கணவரின் முகத்தைப் பார்த்து, மலச்சட்டியை எடுத்து வரட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"அவன் போகட்டும்," என்றார் அசென். "அதுவரைக்கும் அடக்கிக்குவேன்."

யாவோர் தலை நிமிராமல் கரண்டியை வேகமாக ஓட்டினான்.