வலை முடிச்சு அவிழும் முன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான் இல்லை. (இந்த வாக்கியத்தைப் பிறகு திருத்த வேண்டியிருக்கும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "புர்வகெர்தோ நகரில் மழை கொட்டிய ஒரு ஞாயிறு காலை, தையற்காரர் மர்சூதி தன் வாழ்நாளில் முதன்முறையாக—"

அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. சோகக் கதை என்றதும் கை தானாக மழையைக் கூப்பிடுகிறது. நல்ல வெயில், நாங்கள் ஆடும் பொதுக்கூடத்தின் தகரக் கூரை சுட்டது. முதன்முறையாக என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

2

எங்கள் இறகுப்பந்துக்கு நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. எதிராளி ஒரே ஒரு முறை "நிச்சயமா?" என்று கேட்கலாம். மறுமுறை கேட்டால் ஆளைப் பொய்யன் என்று சொன்னதாகிவிடும். ஜோடியாக ஆடும்போது கூட்டாளிகள் ஆளுக்கொன்று சொன்னால் புள்ளி எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் வலையை அவிழ்க்க வேண்டும். முடிச்சில் கை வைத்ததும், "திருப்பிக் கொடுக்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். தப்பாகச் சொன்னவன் அப்போது ஒப்புக்கொண்டால், அவனை நாலு கேலி பேசிவிட்டு எல்லோரும் மெண்டோவான் பஜ்ஜி தின்னப் போவோம். முடிச்சு அவிழ்ந்துவிட்டால் போனது போனதுதான்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: இறகுப்பந்து தரையில் தடம் விடாது. எங்கள் தரையில் கைப்பந்துக்கு மஞ்சள் கோடு, இறகுப்பந்துக்கு வெள்ளைக் கோடு, எதற்கென்றே தெரியாத ஒரு நீலக் கோடு. தப்பிக்க நினைப்பவனுக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை.)

3

மர்சூதி பள்ளிச் சீருடை தைப்பவர். எதிரே நின்ற கசிரான், பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகிறவர். மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'காங்', அதாவது அண்ணன். நாலு வருஷமாக மர்சூதி அவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

"என்ன டெய்லர், இன்னைக்காவது அளவெடுத்து அடிப்பியா?"

"பேசிட்டே இருங்க காங். இன்னைக்கு உங்களக் கிழிக்கிறேன் பாருங்க."

"கிழிக்கிறது சரி. அப்புறம் தைக்கிறது யாரு?"

ஜோடி ஆட்டம், இருபதுக்குப் பத்தொன்பது. மர்சூதிக்கு ஒரே புள்ளிதான் வேண்டும். கசிரான் எம்பி ஓங்கி அடித்தார். பந்து மர்சூதியின் இடது காலருகே வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டில் பட்டால் உள்ளே என்று கணக்கு. மர்சூதி கண்ணால் கண்டார்.

"வெளிய!"

"நிச்சயமா?"

"நிச்சயம் காங்."

மர்சூதியின் கூட்டாளி வாயைத் திறக்கவில்லை. கசிரான் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிச்சில் கை வைத்து வழக்கப்படி கேட்டார். மர்சூதி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

4

இந்த இடத்தில் மர்சூதியை நான் நம்ப முடியாமல் தவித்தேன். இருபது வருஷம் ஒரு அங்குலம் துணி திருடாத மனிதர், ஒரு புள்ளிக்காகவா? ஆமாம், ஒரு புள்ளிக்காகத்தான். அதற்கு மேல் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

புதன்கிழமை கசிரான் தையற்கடைக்கு வந்தார். கையில் வேன் சாவி இல்லை.

"வண்டிய மச்சினன்கிட்ட குடுத்துட்டேன்பா."

"ஏன் காங்?"

"போன வாரம் ஸ்கூல் கேட்டுல லேசா உரசினேன். சரி, கை தவறிடுச்சுன்னு விட்டேன். ஆனா ஞாயித்துக்கிழம அந்தப் பந்து உள்ள விழுந்தது எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நீ வெளியன்னே. நீ பொய் சொல்ற ஆளா? அப்ப என் கண்ணுதான் போச்சு. பன்னெண்டு பிள்ளைங்கப்பா."

"டாக்டர்கிட்ட காட்டுங்க காங்."

"நீ சொன்னப்புறம் டாக்டர் எதுக்கு?"

மர்சூதி துணியை ஊசிக்கடியில் தள்ளினார். தையல் இயந்திரத்தை மிதித்தார். ஊசியில் நூல் இல்லை, வெறும் துணியில் ஓட்டை விழுந்துகொண்டே போனது.

5

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

மர்சூதி ஊசியையும் நூலையும் நீட்டுகிறார், கசிரான் ஒரே தடவையில் கோத்துவிடுகிறார், இருவரும் அழுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி கிட்டத்தில் இருக்கிறது, சாலை தூரத்தில் இருக்கிறது. கிழித்தேன்.

மர்சூதி உண்மையைச் சொல்கிறார். கசிரான் சாவியைத் திரும்ப வாங்குகிறார். கண் உண்மையாகவே மங்கியிருந்து, ஒரு திருப்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளோடு அந்த வேன்— இல்லை. இதை எழுத மாட்டேன். மர்சூதி தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் இதுதான்: சொல்லாமல் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. கண் டாக்டர் கிளினிக் நாலு தெரு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, பந்து வெளியேதான் விழுந்தது. எழுதுகிறவன் கையில்தானே கோடு? ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும். மூன்று நாள் முயன்றேன்.

நகரவில்லை. ஏனென்றால் நான் பார்த்தேன்.

6

மூன்றாம் பகுதியில் கூட்டாளிக்குப் பெயர் வைக்காததைக் கவனித்திருப்பீர்கள். நான்தான் மர்சூதிக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். "உள்ளே" என்ற ஒரு சொல்லில் புள்ளி எதிர்ப்பக்கம் போயிருக்கும். எனக்கும் நாலு வருஷத் தோல்வி உண்டு. முதல் பகுதியின் வாக்கியத்தை இப்போது திருத்துகிறேன்: பொய் சொன்னவர்கள் இரண்டு பேர். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கசிரான் இப்போது ஆடுவதில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பந்து விழும்போதெல்லாம் கோட்டைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்க்கிறார். கடைசியில் வலையை அவர்தான் அவிழ்க்கிறார். "ஆடாதவன் தோத்தவன்தானே" என்கிறார்.

அவிழ்ந்த முடிச்சை வாராவாரம் புதிதாகப் போடுகிறோம்; எந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எங்கள் விதியில் இல்லை. பதினோரு ஞாயிறு போய்விட்டது. இது பன்னிரண்டாவது. மர்சூதி ஷூ கயிற்றுக்குக் குனிந்துவிட்டார். என் பேனா இங்கேயே நிற்கிறது, இதற்குமேல் போக மறுக்கிறது. பந்து எங்கே விழுந்தது என்று உங்களுக்கும் தெரியும். இனி நம்மில் யாராவது ஒருவர் 'உள்ளே' என்று மாற்றிச் சொன்னால் போதும்.

கசிரான் முடிச்சில் கை வைத்துவிட்டார்.

"திருப்பிக் கொடுக்க ஏதாச்சும் இருக்கா?"